குடியிருப்போர்: இல்லை

அளக்க வருகிறவர்களுக்காக இசைவாணி மூன்று நாளாக வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட யாரும் இப்படித் துடைத்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் அது இடிக்கப் போகிற வீடு. வெம்பக்கோட்டை ரோட்டிலிருந்து பிரியப் போகிற புறவழிச்சாலை அவளுடைய அடுப்படி மேலேயே போகிறதென்று நோட்டீஸ் வந்து நாலு மாதமாகிறது. முதல் வாரம் முழுக்க அழுதாள். அப்புறம், “எடுக்குறவுக எடுக்கத்தான் போறாக. அழுதா விட்ருவாகளா? நம்ம வீட்டுக்கு உண்டான வெலையைக் குடுத்துட்டு எடுக்கட்டும்” என்று முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவள் புருஷன் மாரிக்கண்ணனுக்குத்தான் அன்றிலிருந்து தொண்டையில் சோறு இறங்கவில்லை. வீடு போகிற கவலை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நல்ல மனசுக்காரர்கள், அப்படித்தான் நினைப்பார்கள். அவன் பயந்தது ரோட்டுக்கு அல்ல, ஒரு காகிதத்துக்கு.

அந்தக் காகிதத்தின் கதை இதுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவன் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனி புதிதாக ஒரு மருந்து ரூம் கட்ட நினைத்தது. வெடிமருந்து கலக்கிற இடத்துக்கு இவ்வளவு தூரத்துக்குள் குடியிருக்கிற வீடு இருக்கக் கூடாதென்று சட்டம். கம்பெனிக்கு மேற்கே அந்தத் தூரத்துக்குள் இருந்தது ஒரே வீடு. இசைவாணியின் அப்பா கொடுத்த மூன்று சென்டில், அவள் தீப்பெட்டிக் கட்டை அடுக்கியும் வெடி சுற்றியும் சேர்த்த பணத்தில் எழுந்த வீடு. பட்டாவும் அவள் பேரில்தான். மேனேஜர் கனகசபாபதி அதை விலைக்குக் கேட்கவில்லை. கேட்டால் விலை கொடுக்க வேண்டுமே! அதைவிட மலிவான வழி அவருக்குத் தெரியும். முத்திரைத்தாளில் நாலு வரி அடித்து மாரிக்கண்ணன் கையில் கொடுத்தார். மேற்படி இடத்தில் இருப்பது ஆட்டுக்கொட்டகை, அதில் யாரும் குடியிருக்கவில்லை, மருந்து ரூம் கட்ட எனக்கு ஆட்சேபணை இல்லை. கீழே இசைவாணி கையெழுத்துப் போட்டுவிட்டால் மாரிக்கண்ணன் போர்மேன்.

“கம்பெனியில வீட்டு லோன் தாராக. இதுல ஒரு கையெழுத்துப் போடு” என்றான் அவன்.

அவள் அப்போதுதான் புஸ்வாணம் அடைத்துவிட்டு வந்திருந்தாள். கையெல்லாம் அலுமினியப் பொடி. அரிசி டிரம் மூடியில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். எட்டாவது வரை படித்தவள்தான், வாசிக்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் கட்டின புருஷன் நீட்டுகிற காகிதத்தை யார் வாசித்துக்கொண்டிருப்பார்கள்? லோன் கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னான். அவளும் மறந்துவிட்டாள்.

மருந்து ரூம் வந்தது. மாரிக்கண்ணன் போர்மேன் ஆனான். மூன்று வருஷம் கழித்து ஆனி மாதத்தில் ஒருநாள் காலை ஒன்பதரை மணிக்கு அது வெடித்தது. உள்ளே இருந்த மூன்று பேரைச் சாக்கில் அள்ளினார்கள். இசைவாணி வீட்டின் பின்சுவர் மேலிருந்து கீழாகப் பிளந்தது. காய்ச்சலென்று பள்ளிக்கூடம் போகாமல் அந்தச் சுவரோரம் படுத்திருந்த மகள் பாண்டிச்செல்விக்கு இடது காது அதோடு சரி. உயிர் போகவில்லையே என்று ஊரே சொன்னது. மாரிக்கண்ணனும் சொன்னான். எட்டு மாதம் கம்பெனி பூட்டிக் கிடந்தது. பிறகு பெயிண்ட் அடித்து, அதே இடத்தில் அதே ரூமைக் கட்டி, மருந்து கலக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அளக்க வந்தவர் விக்னேஷ்குமார் என்ற இளவயது என்ஜினியர். நல்ல மாதிரியான ஆள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சுவர், தளம், ஒட்டின மார்பிள் துண்டு, போர், கக்கூஸ் என்று ஒன்றுவிடாமல் கூட வந்த கிளார்க்கிடம் சொல்லி எழுதவைத்தார். இசைவாணி கூடவே நடந்தாள்.

“சார், இந்தத் துவைக்கிற கல்லு.”

“எழுதியாச்சும்மா.”

“முருங்கை ரெண்டு நிக்கி.”

“மரத்துக்கு வேற ஆபீசர் வருவார். எல்லாத்துக்கும் ரேட் இருக்கு. மொத்தம் எவ்வளவு வருதோ அதே அளவு ஆறுதல் தொகைன்னு இன்னொரு பங்கு சேர்த்துக் குடுப்பாங்க. கவலைப்படாதீங்க.”

பின்சுவருக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். விரிசலுக்குள் நாலு விரலையும் விட்டுப் பார்த்தார். “இது எப்படி ஆச்சு?”

“அங்கன வெடிச்சப்போ விட்டது சார்.”

அவள் காட்டிய பக்கம் கம்பெனியின் காம்பவுண்டுச் சுவரும், அதற்குப் பின்னால் மருந்து ரூமின் கூரையும் தெரிந்தன. என்ஜினியர் பையிலிருந்து சின்னக் கருவியொன்றை எடுத்து நீட்டினார். காம்பவுண்டுச் சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்து, நடுங்கி, நின்றது. மாரிக்கண்ணனுக்கு அந்தப் புள்ளி தன் நெஞ்சிலேயே விழுந்ததுபோல் இருந்தது.

“நாற்பத்தொரு மீட்டர்” என்றார் என்ஜினியர். கிளார்க் நிமிர்ந்து, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று கேட்டார். “தனியா எழுதி வைங்க” என்று சொல்லிவிட்டு இசைவாணி பக்கம் திரும்பினார். “எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?”

“பதினாலு வருசம் சார். கம்பெனிக்காரக அந்த ரூமைக் கட்டுனது இப்பத்தான்.”

“உங்க வீடு இருக்கும்போது அதை எப்படிக் கட்ட விட்டாங்க?”

“அதான் எனக்கும் தெரியலை” என்றாள் அவள், கள்ளங்கபடம் இல்லாமல்.

“சார், காப்பி ஆறிடும்” என்றான் மாரிக்கண்ணன். சொன்னது அவன் குரல் மாதிரியே இல்லை.

மறுநாள் காலை, மருந்து கலக்க ஆரம்பிக்குமுன் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கம்பெனி வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும். உடம்பில் இருக்கிற கரன்ட் மண்ணில் இறங்கிவிடும். இருபது வருஷப் பழக்கத்தில் மாரிக்கண்ணனின் கை தானாகத் தொட்டது. எதுவும் இறங்கினமாதிரி அவனுக்குத் தோன்றவில்லை.

கனகசபாபதி சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. குழந்தைக்குச் சோறூட்டுகிற குரலில்தான் பேசுவார். அதுதான் பயமே.

“அளந்துட்டாகளாமே மாரி?”

“ஆமா அண்ணாச்சி.”

“அளக்கட்டும். எம்புட்டு அளந்தாலும் பைல்ல இருக்குறது ஆட்டுக்கொட்டகைதான். கவர்மென்ட் அதுக்கு என்ன குடுக்குதோ குடுக்கட்டும். மிச்சத்தைக் கம்பெனி பாத்துக்கிடும். ஒம் பொண்டாட்டி வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்.”

“அவ கேப்பா அண்ணாச்சி. விட மாட்டா.”

“கேட்டா ஜெயிலுக்கு யாருலே போவா? கையெழுத்து அவளோடது. வாங்கிட்டு வந்தது நீ. வெடிச்ச கேஸ்ல ரெண்டாவது பேரு போர்மேன் பேரு. எம்பேரு எங்கனயாவது இருக்கா, சொல்லு பாப்போம்?” மேஜையிலிருந்த வெற்றிலையை எடுத்துத் துடைத்தார். “தீவாளிச் சீசன். லோடு நிக்கி. மருந்து ரூம்ல நிக்கிறவன் மனசு அங்க இங்க அலையப்படாது. போன தடவை அப்படித்தான் மூணு பேரு போனாக. போ, போயி வேலையைப் பாரு.”

அந்த வாரத்தில் மூன்று தடவை அவளிடம் சொல்லிவிட நினைத்தான். முதல் தடவை அவள் மாவரைத்துக்கொண்டிருந்தாள். ரெண்டாம் தடவை, தலைவலி என்று படுத்துவிட்டான். மூன்றாம் தடவை வாயைத் திறந்தேவிட்டான்.

“வாணி, ஒண்ணு சொல்லணும்.”

“இருங்க, நான் ஒண்ணு சொல்லிக்கிடுதேன்” என்று மகளின் பழைய நோட்டைக் கொண்டுவந்து விரித்தாள். சுவர், தளம், போர், முருங்கை என்று வரிசையாக எழுதி, கீழே பதினெட்டு லட்சம் என்று கூட்டியிருந்தாள். “கூடவும் வரலாம். வந்ததும் மொத வேலை, மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி பாண்டிச்செல்விக்குக் காது மிசின் மாட்டணும். மிச்சத்துக்கு ஒரு வீடு. எங்கனன்னாலும் சரி, சுத்துவட்டாரத்துல கம்பெனியே இல்லாத எடமாப் பாக்கணும். ராத்திரி அந்தக் கூரையைப் பாத்துக்கிட்டே படுக்க என்னால முடியலைங்க. இந்த ரோடு வந்தது நல்லதுக்குத்தான்னு இப்பத் தோணுது.” பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, “நீங்க என்னமோ சொல்ல வந்தீகளே?” என்றாள்.

“ஒண்ணுமில்லை” என்றான் மாரிக்கண்ணன். கோழை என்றால் அவனைவிட ஒரு கோழை கிடையாது. அது அவனுக்கே தெரிந்திருந்தது.

ஐப்பசி பிறக்குமுன் தபால் வந்தது. இசைவாணி வாசலில் நின்றே பிரித்து, உரக்க வாசித்தாள். நிலத்தின் மதிப்பு இவ்வளவு. அது சரியாக இருந்தது. அடுத்த வரியில் குரல் தடுக்கியது.

“கட்டடம், ஆட்டுக்கொட்டகை ஒன்று, அறுபத்திரண்டாயிரம். குடியிருப்போர், இல்லை. மறுவாழ்வு உதவி, பொருந்தாது.” ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றவள் சிரித்துவிட்டாள். “எவனோ ஆளை மாத்தி அனுப்பிட்டான். நம்ம வீட்ல ஏதுங்க ஆடு?”

“விட்ருவோமே வாணி” என்றான் அவன். “கம்பெனியில மேல போட்டுத் தாரேங்காக.”

அவள் சிரிப்பு நின்றது. “கம்பெனிக்காரன் எதுக்கு நம்ம வீட்டுக்குத் துட்டு தரணும்?”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். அவள் திரும்பக் கேட்கவும் இல்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே ஆட்சேபணை மனு எழுதித் தபாலில் சேர்த்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவனிடம் காட்டாமல் அவள் எழுதிய முதல் காகிதம் அது.

விசாரணை விருதுநகரில். மூன்று பேரும் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள். ரேஷன் கார்டு, கரன்ட் அட்டை, பழைய வீட்டுத் தீர்வை ரசீது எல்லாவற்றையும் இசைவாணி ஒரு துணிப்பையில் போட்டு மடியிலேயே வைத்திருந்தாள். பாண்டிச்செல்வி அம்மாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். நல்ல காது பேசுகிறவர் பக்கம் இருக்க வேண்டுமென்று அந்தப் பிள்ளை எங்கே போனாலும் இடம் பார்த்துத்தான் உட்காரும். மாரிக்கண்ணன் பின்சீட்டில் இருந்தான். வழி நெடுக அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே வந்தது. யார் என்று எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இருக்கவில்லை.

நில எடுப்புத் தாசில்தார் ஷைலா, கண்ணாடி போட்ட, களைத்த முகமுள்ள அம்மா. மகளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். போகிறபோது, கம்பெனி வாசல் பழக்கத்தில், மாரிக்கண்ணனின் கை ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் போயிற்று.

இசைவாணி பையிலிருந்ததை எல்லாம் மேஜையில் பரப்பினாள். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

“நீங்க குடியிருந்ததை நான் நம்புறேம்மா. என்ஜினியர் ரிப்போர்ட்டும் வீடுன்னுதான் சொல்லுது. ஆனா தீர்வை ரசீது அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியோட நின்னுடுச்சு. அதே சமயத்துல பட்டாசு லைசென்ஸ் பைல்ல இது இருக்கு. அதை வச்சுத்தான் கொட்டகைன்னு எழுதியிருக்காங்க. மனு வந்ததும் அசலையே வரவழைச்சேன்.” ஒரு முத்திரைத்தாளைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார்கள். “இது உங்க கையெழுத்தா?”

இசைவாணி ஐந்து வருஷம் பிந்தி, அந்த நாலு வரியை இப்போதுதான் வாசித்தாள். ஒரு தடவை வாசித்தாள். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் தடம் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. அலுமினியப் பொடி. அதைத் தொட்டுப் பார்த்தாள். அரிசி டிரம் மூடியும், லோன் என்று சொன்ன வாயும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் புருஷனைப் பார்க்கவில்லை. அவள் பார்த்துவிடக் கூடாதே என்று அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னோடதுதாம்மா” என்றாள்.

“வாசிச்சுட்டுத்தான் போட்டீங்களா?”

அவள் காகிதத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். தாசில்தார் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்கள். “யோசிச்சுச் சொல்லுங்க. வாசிக்காம போட்டேன், ஏமாத்தி வாங்கினாங்கன்னு நீங்க சொன்னா அப்படியே பதிவு பண்ணுவேன். வீட்டுக்குண்டான இழப்பீட்டை மறுபடி கணக்குப் போடலாம். ஆனா நான் அதோட நிறுத்த முடியாது. அந்த ரூமுக்கு லைசென்ஸ் கொடுத்தவங்களுக்கும், வெடிவிபத்துக் கேஸைப் பார்க்கிற போலீசுக்கும் அனுப்பியாகணும். வாங்கினது யாருன்னும் கேப்பேன். கால் மணி நேரம் வெளியில இருந்துட்டு வாங்க.”

வராந்தாவின் கடைசியில், பாண்டிச்செல்வி கண்ணில் படாத இடத்தில் இருவரும் நின்றார்கள். மாரிக்கண்ணன்தான் முதலில் பேசினான். பேசினான் என்பதைவிடக் கொட்டினான் என்று சொல்ல வேண்டும்.

“வாணி, தெரிஞ்சுதான் போட்டேன்னு சொல்லிரு. உன்னைய யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாக. கம்பெனியில இருவது லட்சம் தாரேங்காக. கையிலயே குடுப்பாக. நீ எழுதி வச்சதைவிட ரெண்டு லட்சம் கூட! இல்லைன்னா என்னைய உள்ள வச்சுருவாக. கம்பெனியைப் பூட்டிருவாக. நம்ம தெருவுல அம்புட்டுப் பேரும் அங்கனதான் வேலை பாக்குறாக, தீவாளி நேரத்துல அவுக வயித்துல...”

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க.” அவள் குரல் தணிந்திருந்தது. “இந்தக் காயிதம் இல்லைன்னா அந்த ரூமு அங்கன வந்திருக்குமா?”

பொய் சொல்ல அவனுக்கு ஆசையாக இருந்தது. எத்தனையோ சொன்னவன்தானே. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

“வந்திருக்காது” என்றான்.

“பிள்ளை காதுல ரெத்தம் வடிய வடியத் தூக்கிட்டு ஓடுனமே. ஆட்டோவுல வச்சு நீங்க என்ன சொன்னீக? சாமி காப்பாத்திருச்சுன்னீக. நானும் ஆமான்னு கும்பிட்டேன். அப்பவும் உங்களுக்குத் தெரியும்.”

“வாணி...”

“அதுக்கப்புறமும் ரெண்டு வருசம். அதே ரூமைத் திரும்பக் கட்டுனாக. மருந்து கலக்கப் போறது நீங்க. சுவத்துக்கு இந்தப்பக்கம் எம்மக படுத்துக் கெடக்கா. தெரிஞ்சு போனீக, தெரிஞ்சு வந்தீக, நான் வச்ச சோத்தைத் தின்னீக.”

அவன் அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. அதனால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே நடந்தாள். அவன் பின்னாலேயே போனான். இந்தத் தடவை ஜன்னல் கம்பியைத் தொட மறந்துவிட்டான்.

“வாசிக்காமத்தாம்மா போட்டேன்” என்றாள் இசைவாணி. “லோன்னு சொல்லி வாங்குனது என் வீட்டுக்காரர். இந்தா நிக்காரே, இவர்தான். எழுதிக் குடுத்தது கம்பெனி. எனக்கு அவுக இருவது லட்சம் தாரேன்னு இப்பச் சொன்னதையும் சேத்து எழுதிக்கங்க.”

தாசில்தார் அம்மா மாரிக்கண்ணனைப் பார்த்தார்கள். அவன் மறுக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். எழுதி முடித்து, புதிய படிவம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

“சரி. முதல்ல இருந்து எழுதுறேன். கட்டடம், குடியிருப்பு வீடு. குடியிருப்போர் எத்தனை பேர்?”

“ரெண்டு பேர்மா. நானும் எம்மகளும்.”

பேனா நின்றது. “கணவர் தனியாவா இருந்தார்?”

“பதினாலு வருசமும் எங்களோடதான் இருந்தாரு. அந்த வீட்ல ஆளே இல்லைன்னு எழுதுன காயிதத்தைக் கொண்டாந்தவரும் இவர்தானம்மா. நானும் எம்மகளும் இருந்தோம். இவரைப் பொறுத்தவரைக்கும் அந்தக் காயிதம் நெசமாவே இருந்துட்டுப் போகட்டும்.”

அந்த அம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தார்கள். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவன் பைக்கு மேலேயே கையை வைத்து அமுக்கிக்கொண்டான். அவர்கள் இரண்டு என்று எழுதினார்கள்.

“நீங்க வெளியில இருங்க. வாக்குமூலம் வாங்கணும், போலீஸ்ல இருந்து ஆள் வந்துட்டிருக்காங்க” என்றார்கள் அவனிடம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவனுக்கு முன்னாலேயே போய்விட்ட இசைவாணி, அவன் வெளியே வந்தபோது துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு பாண்டிச்செல்வி போனாள். பிள்ளையின் இடப்பக்கம் அவன் இருந்தான். “பாண்டிச்செல்வி” என்று கூப்பிட்டான். அவள் அம்மாவைப் பார்த்து ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே நடந்தாள். வலப்பக்கமாகப் போய்க் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். அது அவனுக்குத் தெரியும். அங்கே நாலு எட்டுத்தான் இருந்தது. அவன் கால் எழவில்லை.